ஃபிஸ்டுலா அதிர்வு நின்றால் 'செட் ஆகிவிட்டது' என்று பொருளில்லை
டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்த இடம்தான் ஃபிஸ்டுலா. அதைப் பற்றி ஒருவர், "ஃபிஸ்டுலா கையில் அதிர்வு நின்றுவிட்டால் நரம்பு செட் ஆகிவிட்டது, அடுத்த டயாலிசிஸில் சொன்னால் போதும்" என்கிறார். தலைகீழான தப்பு.

தமனி ரத்தம் நேரே சிரைக்குள் பாய்வதால்தான் தொட்டால் அந்த 'உர்ர்' தெரிகிறது. ஃபிஸ்டுலா பழுக்க, அதாவது டயாலிசிஸ் ஊசி போடத் தயாராக, 6 முதல் 8 வாரம், சிலருக்கு இன்னும் கூடும். பழுத்த பிறகும் அந்த அதிர்வு இருந்தே ஆகவேண்டும். நின்றால் பெரும்பாலும் உள்ளே ரத்தம் உறைந்திருக்கும். அன்றைக்கே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் போடுங்கள். ஓரிரு நாளுக்குள் போனால் ரத்தக் கட்டியை எடுத்துக் காப்பாற்ற வாய்ப்புண்டு. தள்ளிப்போனால் டயாலிசிஸுக்குக் கழுத்தில் கதீட்டர் (குழாய்) தான்.

என் அப்பா டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கிய ஒரு ராத்திரி, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். காலையில் பல் தேய்த்ததும் வழக்கம்போல் விரல் வைத்துப் பார்த்தார், அதிர்வே இல்லை. மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் தப்பியது.

ஃபிஸ்டுலா கையில் எண்ணெய் போட்டு நீவிவிடச் சொன்ன இன்னொருவருக்கும் சேர்த்து: தயவுசெய்து வேண்டாம்.