கார் இருந்தால்தான் மலிவு கரண்ட்டா?

இங்கிலாந்தில் இன்று இரவு நேர மின்சாரத்தை குறைந்த விலைக்கு வாங்க நினைத்து மின்சாரக் கம்பெனிக்கு போன் போட்டால், எடுத்த எடுப்பில் வரும் கேள்வி, "உங்களிடம் எலக்ட்ரிக் கார் இருக்கிறதா?" இல்லை என்றால் அடுத்தது, "ஹீட் பம்ப் இருக்கிறதா?" (வெளிக்காற்றின் சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் கருவி அது.) அதுவும் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிகிறது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்று ஸ்டோரேஜ் ஹீட்டர், கூரை மேல் 4 கிலோவாட் சோலார் பேனல். இந்த வீட்டுக்குப் பொருந்தும் கட்டணம் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது. "ஆன்லைனில் ஒப்பிட்டுப் பாருங்கள், தேர்வு உங்களுடையது" என்கிறார்கள். தேர்வு செய்யத் தேவையான ஒரு தகவலையும் கையில் கொடுக்காமல் தேர்வு என்னுடையது என்று சொன்னால் வயிறு எரியாதா?

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஸ்டோரேஜ் ஹீட்டர் தெரிந்திருக்காது. சுவரோரமாக நிற்கும் கனமான பெட்டி அது. உள்ளே அடர்த்தியான செங்கற்கள். இரவில் விலை குறைவாக இருக்கும் ஏழு மணி நேரத்தில் கரண்ட்டை இழுத்து அந்தக் கற்களைச் சூடாக்கி வைக்கும். பகல் முழுக்க அந்தச் சூடு மெல்ல மெல்ல அறைக்குள் இறங்கும். கேஸ் குழாய் போகாத கிராமங்களிலும், கேஸ் வைக்க அனுமதி இல்லாத ஃபிளாட்டுகளிலும் குளிருக்கு இதுதான் கதி. இதை யாரும் ஆசைப்பட்டு வாங்கி வைக்கவில்லை. பெரிய மின் நிலையங்களை இரவில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது, அந்த நேரத்து மின்சாரத்தை வாங்க ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் 1978 இல் 'எகானமி 7' என்ற கட்டணம் வந்தது. இந்தப் பெட்டியை வையுங்கள், இரவில் மலிவாகத் தருகிறோம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார்கள். மக்களும் வைத்தார்கள். நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய சொந்தக்காரர் வைத்தது அப்படியே நிற்கிறது.

இப்போது இரவில் காற்றாலை மின்சாரம் மிஞ்சுகிறது, அதை உறிஞ்ச ஆள் வேண்டும் என்று மறுபடி அதே பேச்சு. அதற்குக் காரைக் கூப்பிடுகிறார்கள். கார்காரருக்கு எகானமி 7 இன் இரவு விலையை விடப் பாதிக்கும் குறைவாகக்கூட ஒரு யூனிட் கிடைக்கிறது. இரவு ஒரு மணிக்கு ஒரு யூனிட் கார் பேட்டரிக்குள் போனால் என்ன, என் வீட்டுச் செங்கலுக்குள் போனால் என்ன? கிரிட்டுக்கு, அதாவது நாட்டின் மின்வலைக்கு, இரண்டும் ஒன்றுதானே? காசு இருந்து புதுக் கார் வாங்கியவனுக்கு ஒரு விலை, குளிரில் விறைக்காமல் இருக்க ஹீட்டர் போடுகிறவனுக்கு ஒரு விலை. இதை நியாயம் என்று யாராவது எனக்குச் சொல்லிக் காட்டட்டும்.

அந்தக் கார் கட்டணத்தைக் கொடுத்தாலும் போதாது என்பது வேறு விஷயம். பல கார் திட்டங்களில் மலிவு நேரம் ஐந்து மணி நேரம்தான். எங்கள் ஹீட்டர்களில் ஒன்று 3.4 கிலோவாட், மற்ற இரண்டும் 2.55. மொத்தம் 8.5. கடுங்குளிரில் ஏழு மணி நேரம் முழுசாக இழுத்தால் 59.5 யூனிட். ஐந்து மணி நேரம் என்றால் 42.5. அந்த 17 யூனிட் குறைந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கே கல் ஆறிப்போகும். சோலார் வீட்டுக்கென்றே வரும் சில திட்டங்களில் மலிவு நேரம் மூன்றே மணி நேரம். அதிலும் வீட்டில் பேட்டரி இருக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆக ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு மிஞ்சுவது பழைய எகானமி 7 வகைதான்.

அதன் லட்சணத்தைப் பாருங்கள். இரவு விலையைக் குறைப்பார்கள், பகல் விலையை ஏற்றிவிடுவார்கள். ஒரு கணக்குக்கு, சாதாரண ஒற்றை விலை 26 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு), எகானமி 7 இல் பகல் 32, இரவு 15 என்று வைத்துக்கொள்வோம். மொத்த யூனிட்டில் 35 சதவீதத்துக்கு மேல் இரவில் எடுத்தால்தான் லாபம். அதற்குக் கீழே போனால் நஷ்டம். 2019 முதல் விலைக்கு உச்சவரம்பு இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த வரம்புக்குள் பகலுக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது கம்பெனியின் இஷ்டம். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இரவு யூனிட்டில் பல பென்ஸ் வித்தியாசம் வருகிறது.

சோலார் இதற்குள் வந்ததும் கணக்கே மாறுகிறது, அதைக் கேட்கத்தான் யாருக்கும் காது இல்லை. பேனல் பகல் செலவில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். வெளியிலிருந்து வாங்கும் பகல் யூனிட் குறையும். அப்படியானால் வாங்குவதில் இரவின் பங்கு தானாகவே ஏறும். அதாவது சோலார் வைத்த ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டுக்கு எகானமி 7 முன்பைவிட நன்றாகப் பொருந்த வேண்டும்! ஆனால் நான் பார்த்த ஒப்பீட்டுத் தளங்கள் எல்லாம் போன வருடத்து மொத்த யூனிட்டைக் கேட்டன. பேனல் வைப்பதற்கு முந்தைய கணக்கு அது. இரவுப் பங்கு என்ன என்று ஒரு கட்டம். ஏற்றுமதி, அதாவது பேனலில் மிஞ்சி கிரிட்டுக்குப் போவது, எவ்வளவு என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. அதை வைத்து 'உங்களுக்கு மிகச் சிறந்த திட்டம்' என்று பச்சை நிறத்தில் காட்டினால், நான் எதை நம்புவது?

இந்த வீடு வருடத்தில் இரண்டு வீடு. ஜனவரியில் பேனல் ஒரு நாளைக்கு மூன்று யூனிட் தந்தால் பெரிது. லண்டனிலேயே டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் போய்விடும். ஹீட்டரோ அறுபது கேட்கும். ஜூனில் ஹீட்டர் அணைந்திருக்கும், பேனல் பதினைந்து யூனிட்டுக்கு மேல் கொட்டும், பாதிக்கு மேல் கிரிட்டுக்குப் போகும். குளிருக்கு ஒரு திட்டம், கோடைக்கு ஒரு திட்டம் என்று மாறலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நிலையான விலைத் திட்டத்தில் பாதியில் வெளியே வந்தால் அபராதம். அபராதம் இல்லையென்றாலும் ஏற்றுமதி கழுத்தைப் பிடிக்கிறது.

அந்த ஏற்றுமதிதான் என்னை மிகவும் கொதிக்க வைப்பது. 2010 இல் தொடங்கிய பழைய சோலார் மானியத் திட்டத்தை 2019 மார்ச்சோடு புதியவர்களுக்கு மூடினார்கள். 2020 ஜனவரி முதல் ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கியாரண்டி. குறைந்தது 1,50,000 வீட்டு வாடிக்கையாளர்கள் உள்ள கம்பெனிகள் நாம் கொடுக்கும் மின்சாரத்துக்குக் காசு தர வேண்டும். எவ்வளவு? பூஜ்யத்துக்கு மேல் எதுவானாலும் சரி. அவ்வளவுதான் சட்டம். வீட்டுக்கான மின்சாரத்தை ஒரு கம்பெனியிடம் வாங்கி, பேனலில் மிஞ்சுவதை இன்னொரு கம்பெனிக்கு விற்கலாம் என்றும் விதி இருக்கிறது. ஆனால் நடைமுறையில், உதாரணத்துக்கு, தன்னிடமே மின்சாரமும் வாங்குகிறவருக்கு 15 பென்ஸ் தரும் கம்பெனி, வெளியாளுக்கு நாலைந்து பென்ஸ்தான் நீட்டும். எங்கள் வீட்டில் வருடத்துக்குச் சுமார் 1,800 யூனிட் வெளியே போகும். 15 பென்ஸில் 270 பவுண்டு. 4 பென்ஸில் 72. இன்னொரு பக்கம், ஹீட்டருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 5,000 இரவு யூனிட். இரவு விலை 4 பென்ஸ் குறைவான கம்பெனிக்குப் போனால் 200 பவுண்டு மிச்சம். போன கையோடு ஏற்றுமதியில் 198 பவுண்டு போய்விடும். இதுதான் இவர்கள் சொல்லும் தேர்வு! விற்பதற்கும் வாங்குவதற்கும் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார்கள்.

அந்த ஏற்றுமதிக் காசு தொடங்குவதற்குள் படும் பாடு தனி. பேனல் தரப்படி பொருத்தப்பட்டது என்று பொருத்தியவர் தரும் எம்சிஎஸ் சான்றிதழ் வேண்டும். உள்ளூர் மின்வலைக் கம்பெனிக்குத் தகவல் கொடுத்த கடிதம் வேண்டும். ஏற்றுமதிக்கென்று தனியாக இன்னொரு 13 இலக்க மீட்டர் எண் வேண்டும். அதை நாம் கேட்டு வாங்க முடியாது, கம்பெனிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு உருவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு போன் செய்தால் இன்னொரு பிரிவைக் கேளுங்கள் என்பார்கள், அவர்களைக் கேட்டால் காத்திருங்கள் என்பார்கள். நல்ல வெயில் மாதங்கள் இப்படியே கரைந்தன. அதுவரை கிரிட்டுக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் இலவசம். பின்தேதியிட்டுக் காசு கேட்டேன், விதியில் இடமில்லை என்றார்கள். அந்த யூனிட்டைப் பக்கத்து வீட்டுக்கு முழு விலைக்கு விற்றபோது மட்டும் விதியில் இடம் இருந்ததா?

இதற்கெல்லாம் மேலே மீட்டர். இங்கே பல லட்சம் வீடுகளில் ஹீட்டர்களை இரவில் போட்டு அணைத்தது ஒரு ரேடியோ சிக்னல். பிபிசி ரேடியோ 4 இன் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை ஒலிபரப்புக்குள் காதுக்குக் கேட்காமல் ஒளிந்து வந்த சிக்னல் அது. கருவிகள் பழசாகிவிட்டதால் 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். நிறுத்தட்டும், தப்பில்லை. கணக்கைத் தானே அனுப்பும் ஸ்மார்ட் மீட்டருக்கு மாறத்தானே வேண்டும். ஆனால் ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டுக்கு ஹீட்டர் வயருக்கென்று தனி முனை உள்ள, ஐந்து முனை மீட்டர் பெரும்பாலும் தேவைப்படும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சாதாரண மீட்டரைக் கொண்டுவந்தார். தகவலில் ஹீட்டர் என்றே எழுதவில்லையாம். நான் பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தேன். மறுபடி தேதி, மறுபடி ஒரு நாள் லீவு.

சரியான மீட்டர் வந்த பிறகும் தீரவில்லை. மீட்டர் ஹீட்டரைப் போடும் நேரமும், கம்பெனி மலிவு விலை போடும் நேரமும் ஒரு மணி நேரம் தள்ளி நின்றன. அந்த ஒரு மணி நேரம் கற்கள் ஆறிக் கிடக்கும் நேரம், மூன்று ஹீட்டரும் முழு வேகத்தில் இழுக்கும். 8.5 யூனிட், மேலே சொன்ன 32, 15 கணக்கில் யூனிட்டுக்கு 17 பென்ஸ் கூடுதல். ஒரு இரவுக்கு 1 பவுண்டு 44 பென்ஸ். மாதம் 43 பவுண்டு! மலிவு நேரம் சரியாக எப்போது தொடங்குகிறது என்று எழுத்தில் கேட்டேன். "உங்கள் பகுதியையும் மீட்டரையும் பொறுத்தது" என்று பதில். என் பகுதி தெரியும், என் மீட்டர் எண் கையில் இருக்கிறது, பிறகும் நேரத்தைச் சொல்ல முடியாதா? கடிகாரத்தைக் கோடையில் ஒரு மணி முன்னால் தள்ளும்போது பல மீட்டர்கள் தள்ளுவதில்லை என்பது இன்னொரு குழப்பம்.

இதே நிலையில் இருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். மலிவு நேரம் என்று அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் மீட்டரில் பகலுக்கும் இரவுக்கும் ஓடும் இரண்டு எண்களையும் போட்டோ எடுங்கள். எந்த எண் ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

யாரிடம் சொன்னாலும் இரண்டு அறிவுரை வருகிறது. ஒன்று, பேட்டரி வாங்குங்கள். பல ஆயிரம் பவுண்டு. இன்னொன்று, ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு ஹீட் பம்ப் வையுங்கள், 7,500 பவுண்டு அரசு மானியம் இருக்கிறது. ஸ்டோரேஜ் ஹீட்டர் வீட்டில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர் குழாயே கிடையாது ஐயா. தரையைப் பெயர்த்துக் குழாய் போட்டு, அறைக்கு அறை ரேடியேட்டர் மாட்ட வேண்டும். மானியம் போக மிச்சத்தை யார் தருவது? வேலை செய்கிற ஹீட்டரை ஏன் குப்பையில் போட வேண்டும்?

எனக்காவது கூரை சொந்தம். நம் ஊரிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்து வாடகை ஃபிளாட்டில் இருக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. சுவரில் இருக்கும் பெட்டியில் இன்புட், அவுட்புட் என்று இரண்டு திருகு. எது எதற்கு என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இன்புட் என்பது இரவில் எவ்வளவு சூட்டைச் சேமிக்க வேண்டும் என்பதற்கு; அவுட்புட் சேமித்ததை எவ்வளவு வேகமாக வெளியே விட வேண்டும் என்பதற்கு. தூங்கப் போகும்போது அவுட்புட்டைக் குறைக்காவிட்டால் காலைக்குள் நிறையச் சூடு வெளியே போய்விடும். தெரியாமல் சுவிட்சையே அணைத்துவிட்டு, சாயங்காலம் கடையில் வாங்கிய ஃபேன் ஹீட்டரைப் போடுகிறார்கள். அது ஓடுவது 32 பென்ஸ் பகல் விலையில். எகானமி 7 இல் மாட்டிக்கொண்டு, அதன் மலிவு நேரத்தில் ஒரு யூனிட்டும் எடுக்காமல், உயர்ந்த விலையை மட்டும் கட்டுகிறார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், அதைப் பார்த்தாலே கம்பெனிக்கு இது தெரியும். அரை மணிக்கு ஒரு கணக்கு அதில் பதிவாகிறது. ஒரு போன் போட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நான் கேட்பது சலுகை இல்லை. இரவு நேரத்தில் மின்சாரத்தை எடுக்கிறவர் காருக்கு எடுக்கிறாரா, கல்லுக்கு எடுக்கிறாரா என்று கேட்காமல் ஒரே விலை போடுங்கள். ஏற்றுமதி விலையை, நான் யாரிடம் வாங்குகிறேன் என்பதோடு முடிச்சுப் போடாதீர்கள். மலிவு நேரத்தை பில்லின் முதல் பக்கத்தில், மணி போட்டு எழுதுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு எடுத்த காசைத் திருப்பித் தாருங்கள். புகார் எழுத்தில் கொடுத்துவிட்டேன். எட்டு வாரத்துக்குள் தீர்க்கவில்லையென்றால் கம்பெனிகள் மீதான புகாரைத் தீர்த்துவைக்கும் எரிசக்தி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம் என்பது இங்கே விதி. போட்டோக்கள் தேதியோடு இருக்கின்றன, போகத்தான் போகிறேன்.