உண்மை விளக்கம்: போகோ ஹராம் ஒழிந்துவிட்டதா?

"போகோ ஹராம் 2021லேயே ஒழிந்தது, சிபோக் மாணவிகள் அனைவரும் வீடு திரும்பிவிட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. போகோ ஹராம் நைஜீரியாவில் தோன்றிய தீவிரவாதக் குழு. அந்நாட்டின் சிபோக் ஊர்ப் பள்ளி மாணவிகளை 2014ல் அது கடத்தியது.

2021 மே மாதம் நைஜீரியாவின் சம்பிசா காட்டில் இறந்தது அதன் தலைவர் அபூபக்கர் ஷெகாவ் மட்டுமே. அவரை வளைத்ததும் ராணுவம் அல்ல. போகோ ஹராமிலிருந்து 2016ல் பிரிந்துபோன மேற்கு ஆப்பிரிக்க ஐ.எஸ். பிரிவுதான் அவரை வளைத்தது. அந்தப் பிரிவும், ஷெகாவின் மிச்சப் படையும் சாட் ஏரிக் கரையில் இன்னும் தாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 2024 அக்டோபரில் சாட் நாட்டு ராணுவ முகாம் ஒன்றில் சுமார் 40 வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஏரி நான்கு நாடுகளுக்குப் பொது. தீவுகளும் நாணற்காடுகளும் நிறைந்தது. ஒரு கரையில் விரட்டினால் மறு கரைக்குப் போய்விடுகிறார்கள்.

செய்தியோடு வரும் படம் உண்மைதான். ஆனால் அது 2017 மே மாதம், விடுவிக்கப்பட்ட 82 பேரை அப்போதைய நைஜீரிய அதிபர் புகாரி சந்தித்தபோது எடுத்தது. 2014 ஏப்ரல் 14 இரவு கடத்தப்பட்டவர்கள் 276 பேர். 57 பேர் ஆரம்பத்திலேயே தப்பினார்கள். 2016ல் 21 பேர் விடுவிக்கப்பட்டார்கள். பத்து ஆண்டு கழித்தும் 80க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை என்று ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் 2024 ஏப்ரல் அறிக்கை சொல்கிறது. அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

மகளைப் பத்தாண்டுக்கு மேலாகத் தேடும் பெற்றோர் இருக்கும்போது, 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்பது அந்தத் தேடலையே மறைத்துவிடுகிறது. தயவுசெய்து இதை இனிப் பகிர வேண்டாம். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.