மோர்சிங்கின் ஆங்கிலப் பெயரும் 'தாடை' கதையும்

கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் சொற்கட்டுகளை வாயாலேயே திருப்பிச் சொல்லும் மோர்சிங் எனக்கு மிகவும் பிடித்த வாத்தியம். அதை ஆங்கிலத்தில் 'ஜ்யூஸ் ஹார்ப்' என்பார்கள், அதாவது யூதரின் யாழ். ஆனால் இந்த வாத்தியத்தில் மீட்டுவதற்குத் தந்தியே கிடையாது. உலோகச் சட்டத்துக்கு நடுவில் ஒரு நாக்கு, அதை விரலால் சுண்டினால் ஒரே சுருதிதான் வரும். வாயைக் குறுக்கியும் விரித்தும் அதிலுள்ள மேல்சுரங்களைத் தனித்தனியாகக் கேட்கச் செய்வதுதான் வாசிப்பவரின் வித்தை.

சரி, யூதர் எங்கிருந்து வந்தார்? 'ஜாஸ் ஹார்ப்', அதாவது தாடை யாழ், என்பதே பழைய பெயர், அது மருவிவிட்டது என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். சான்றுகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. 1481ஆம் ஆண்டு லண்டன் சுங்கக் கணக்கிலேயே 'ஜ்யூ' என்ற சொல்லோடுதான் இந்த வாத்தியம் இறக்குமதிச் சரக்காகப் பதிவாகியிருக்கிறது. தாடை என்ற வடிவம் எழுத்தில் வருவதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். விளையாட்டைக் குறிக்கும் 'ஜ்யூ' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களோ இதை 'கிம்பார்ட்' என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. முதலாம் எட்வர்ட் 1290இல் யூதர்களை இங்கிலாந்தைவிட்டே துரத்தினார். 1656 வாக்கில்தான் அவர்கள் அங்கே மறுபடி வெளிப்படையாக வாழ முடிந்தது. இடைப்பட்ட காலத்தில், யூதர்களை உள்ளேயே விடாத ஒரு நாட்டின் துறைமுகக் கணக்கில் அவர்கள் பெயர் ஒரு சில்லறைச் சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவர்களைக் குறித்ததா, மட்டமான சரக்கு என்ற ஏளனமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஏளனமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது. தாடைக் கதையை ஏற்றுக்கொண்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. அதனால்தான் அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை.

இந்தக் குடும்பம் பெரியது. சைபீரியாவின் சாகா மக்களுக்கு இது கோமுஸ். பிலிப்பைன்ஸில் மூங்கிலில் செய்தால் குபிங். ராஜஸ்தானில் மோர்சங். ஆஸ்திரியாவின் மோல்ன் ஊரில் நூற்றாண்டுகளாக இதைச் செய்கிறார்கள், அவர்களுக்கு இது மௌல்ட்ரொம்மெல். இவர்களில் யாரும் யூதரையும் யாழையும் கூப்பிடவில்லை.

இன்று 'ஜா ஹார்ப்' என்று எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதட்டும், நானும் அதைத்தான் எழுதுவேன். அதுதான் ஆதிப்பெயர் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அப்புறம், சபாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கில அழைப்பிதழிலும் மோர்சிங் என்றே அச்சிடுங்கள். மிருதங்கத்துக்கு நாம் ஆங்கிலப் பெயர் தேடுவதில்லையே.