தமிழ்ல யோசிச்சா என்னங்க தப்பு?

போன வாரம் அக்கா பொண்ணு கோயமுத்தூர்ல இருந்து லீவுக்கு ஊட்டுக்கு வந்திருந்தா. காலேஜ் மொத வருசம். பன்னெண்டாவது வரைக்கும் தாராபுரம் பக்கம் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல நல்ல மார்க்குதான், ஆனா காலேஜ்ல எந்திரிச்சு ஒரு பதில் சொல்லச் சொன்னா வாயே வரமாட்டேங்குது மாமான்னு சொல்றப்பவே கண்ணு கலங்கிருச்சு. சரின்னு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல பணம் கட்டி சேந்திருக்கா. அங்க மொத நாளே சொன்னாங்களாம், தமிழ்ல யோசிக்கறத இன்னியோட நிறுத்திருங்க, இனி இங்கிலீஷ்லயே யோசிங்கன்னு. தமிழ்ல ஒரு வார்த்தை பேசுனா பத்து ரூவா ஃபைனாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அதான் இத எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், படிக்கற புள்ளைங்க ஊட்ல இருக்கறவங்க பொறுமையா படிங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில 14 வருசமா மெர்ச்சண்டைசரா இருக்கேன், அதாவது ஆர்டர் குடுக்கற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல பேசி வேலைய முடிக்கற ஆளு. காலைல சிஸ்டத்த ஆன் பண்ணுனா ராத்திரி வரைக்கும் பையருக்கு மெயில், கால், மறுபடியும் மெயில். நானும் தமிழ் மீடியம்தான். என்ற பத்தாவதுல இங்கிலீஷுக்கு ரெண்டு பேப்பர் இருந்துச்சு, ரெண்டையும் எழுதி பாஸ் பண்ணுனேன், அந்த அஞ்சாறு வருசத்துல வாயத் தொறந்து சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லுன்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. ஆக்டிவ்வ பேசிவ்வா மாத்து, டைரக்ட்ட இன்டைரக்ட்டா மாத்து, கோடிட்ட எடத்த நெரப்பு, அவ்வளவுதான். யாரோ எழுதுன வாக்கியத்தத்தான் திருப்பித் திருப்பிப் போட்டோம்.

வேலைக்கு சேந்த புதுசுல ஒரு மெயில் போட்டேன், வெள்ளிக்கிழமைக்குள்ள சாம்பிள் அனுப்பிருவோம்னு சொல்றதுக்கு "வீ வில் சென்ட் தி சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே"ன்னு. பையர் ஆபீஸ்ல இருந்து பதில் வருது, அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிட்டே இருப்பீங்களா, மொத்தம் எத்தன செட்டு வரும்னு. எனக்கு என்ன கேக்கறாங்கன்னே வெளங்கல. எங்க சீனியர் அண்ணன் ஒருத்தரு மெயிலப் படிச்சுட்டு கேட்டாரு, "தம்பி, நீ சொல்ல வந்தது வெள்ளிக்கிழமை வரைக்கும்னா, வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா?" க்குள்ளன்னு சொன்னேன். "அப்ப 'பை ஃப்ரைடே'ன்னு போடு. வரைக்கும்னாத்தான் டில்." முடிஞ்சுது. ப்ரிப்போசிஷன்னு வருசக்கணக்கா மனப்பாடம் பண்ணி மண்டைல ஏறாதது அந்த ஒரு நிமிசத்துல ஏறுச்சு, அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் அந்த தப்பு வந்ததில்ல. ஏன்னா அந்த வித்தியாசம் எனக்கு ஏற்கனவே தெரியும். பொறந்ததுல இருந்து பேசிட்டு இருக்கேன். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தைன்னு மட்டுந்தான் தெரியாம இருந்துச்சு.

இதத்தாங்க நான் சொல்ல வர்றது. கிராமர் நம்ம கிட்ட இல்லாத சாமான் இல்ல. ஏற்கனவே ஒரு முழு கிராமர் உள்ள ஓடிட்டுத்தான் இருக்கு, அதத் தொட்டுக் காட்டி சொல்லிக் குடுக்காம, அத அணைச்சுட்டு வான்னு சொன்னா புள்ள எதப் புடிச்சுட்டு ஏறும்?

இந்த 'தி' இருக்கே, எங்க போடோணும் எங்க போடக்கூடாதுன்னு அவ்வளவு பேரும் தடுமாறுவோம், தமிழ்ல அதுக்கு நேரா ஒரு வார்த்தையே இல்லைன்னு சொல்லுவாங்க. வார்த்தை இல்ல, சரி. ஆனா "பால் வாங்கிட்டு வா"ன்னா ஒன்னு, "பாலை வாங்கிட்டு வா"ன்னா வேற ஒன்னு இல்லீங்களா? ரெண்டாவதுல அந்த குறிப்பிட்ட பால், நாம பேசி வெச்ச பால். "பொண்ணு பாக்கப் போறோம்"னா கல்யாணத்துக்கு, "பொண்ணப் பாக்கப் போறோம்"னா ஹாஸ்டல்ல இருக்கற புள்ளையப் பாக்கறதுக்கு. அந்த ஒரு ஐ செய்யற வேலைல பெரும்பங்கு தி செய்யற வேலைதான். எல்லா எடத்துக்கும் பொருந்தாது, எழுவாய்க்கு இது உதவாது, ஆனா அக்கா பொண்ணு கிட்ட இதச் சொன்னப்ப அவ மூஞ்சி மாறுனதப் பாக்கோணுமே. "இத ஏன் மாமா யாருமே சொல்லல?"ன்னா.

டென்ஸும் அப்படித்தான். எங்கம்மா மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவங்க. அன்னிக்கு பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்து சொல்றாங்க, "நான் போறப்ப அவ சந்தைக்குப் போயிருந்தா, இந்நேரம் வந்திருப்பா, நான்தான் காலைல இருந்து ஒன்னும் திங்காம உக்காந்திருக்கேன்." ஒரே மூச்சுல பாஸ்ட் பெர்ஃபெக்ட்டும் வந்துருச்சு, வில் ஹேவும் வந்துருச்சு. நாங்க ஒன்பதாவதுல பன்னெண்டு கட்டம் போட்டு டேபிளா எழுதி, பாக்காம ஒப்பிச்சு, எதுக்குன்னே தெரியாம மறந்தது இதைத்தான்.

நம்ம கொங்குக்காரங்களுக்கு இன்னொன்னு இருக்கு. ங்க போடாம நமக்கு ஒரு வாக்கியம் முடியாது. வாங்க, சொல்லுங்க, ஆமாங்க, சின்னப் பையன் கிட்டகூட "ஏனுங் தம்பி"ம்போம். அதே ஆளு இங்கிலீஷ்ல மெயில் போட்டா "சென்ட் மீ தி ஃபைல்"னு போடறான், ப்ளீஸ் சேத்தாலும் அது ஆர்டர் போடற மாதிரிதான் இருக்குது. நாம அப்படிப்பட்ட ஆளுகளே இல்ல! குட் யூ, வுட் யூ, இதெல்லாம் 'கேன்'னோட பாஸ்ட் டென்ஸ், 'வில்'லோட பாஸ்ட் டென்ஸ்னு மட்டும் படிச்சா உபயோகமில்ல, அதுதான் அவங்க ஊரு ங்க. "குட் யூ சென்ட் மீ தி ஃபைல்"னா "ஃபைல அனுப்பி வைக்கறீங்களா". புதுசா வர்ற ட்ரெய்னி பசங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா மத்தியானத்துக்குள்ள மெயிலே மாறிருது.

தமிழ் வழில போனா சறுக்கற எடமும் இருக்கு, அத மறைக்கப்படாது. "மூணு வருசமா வேலை பாக்கறேன்"ங்கறத அப்படியே தூக்கி "ஐ ஆம் வொர்க்கிங் ஃப்ரம் த்ரீ இயர்ஸ்"னு சொல்லிருவோம், அங்க "ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார்"னுதான் வரோணும். "ரெண்டு அண்ணன் இருக்காங்க"ன்னு நெனச்சுட்டு "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்"ங்கறது, அங்க வெறும் "ஐ ஹேவ்"தான். கேள்வி கேக்கறப்ப நமக்கு கடைசில ஒரு ஆ போட்டா போதும், வந்தியா, போனியா, 'என்ன'ன்னு கேட்டா அதுவும் வேண்டாம், அவங்களுக்கு வார்த்தையவே எடம் மாத்தோணும், அத மறந்து "வாட் யூ ஆர் டூயிங்"னு கேக்கறோம். ஆனா பாருங்க, இந்தத் தப்பெல்லாம் எங்க இருந்து வருதுன்னும் தமிழ வெச்சுத்தான் கண்டுபுடிக்க முடியும். இங்க ரோடு பிரியுதுன்னு காட்டுனா புள்ளைங்க பாத்துப் போயிக்கும். பத்து ரூவா ஃபைன் போட்டா அதக் காட்ட முடியுமா, வாயத்தான் மூட முடியும்.

அப்ப கிராமர் தெரிஞ்சா பேச வந்துருமான்னு கேப்பீங்க. வராதுங்க. பேசுனாத்தான் பேச வரும். தபால்ல எம்.ஏ. படிக்கறப்பதான் பிரபுன்னு ஒருத்தரப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன், என்.எஸ். பிரபு, இங்கிலீஷ எப்படிச் சொல்லிக் குடுக்கறதுன்னு ஆராய்ச்சி பண்ணுனவரு. 1979ல இருந்து 1984 வரைக்கும் நம்ம தென்னிந்தியப் பள்ளிக்கூடங்கள்லதான் ஒரு சோதனை பண்ணுனாரு, பெங்களூர் ப்ராஜெக்ட்டும்பாங்க. கிராமர் பாடமே நடத்தல, புள்ளைங்க கிட்ட ரயில் டைம்டேபிள், மேப்பு இந்த மாதிரி குடுத்து, எந்த வண்டில போனா எப்ப சேரலாம்னு கண்டுபுடின்னு வேலை வெச்சாரு. மனசு அந்தக் கணக்குல இருக்கறப்ப மொழி தானா உள்ள எறங்கும்ங்கறது அவரு எண்ணம். கிராமரே சொல்லித்தர வேண்டாம்ங்கற அளவுக்கு நான் போகமாட்டேன், ஆனா அந்த வேலை குடுக்கற யோசனை தங்கமான யோசனை. இன்னிக்கு உலகம் பூரா டாஸ்க்குன்னு, வேலை குடுத்து மொழி சொல்லித்தர்றதப் பத்திப் பேசறாங்களே, அதுக்கு முன்னோடி நம்ம பக்கத்து வகுப்பறைங்க.

அதனால அக்கா பொண்ணுக்கு நானும் ஒன்னு குடுத்தேன். "கண்ணு, கோயமுத்தூர் ஜங்ஷன்ல ஒரு வெளிநாட்டுக்காரர் எறங்கி நிக்கறாரு, வால்பாறை போகோணும்ங்கறாரு, வழி சொல்லு." மொதல்ல திருதிருன்னு முழிச்சா. பொறகு உக்கடம் போங்க, பொள்ளாச்சி பஸ் ஏறுங்க, அங்க எறங்கி மாறோணும், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வர்றவங்களா இருந்தா முன்னாடி சீட்டா பாத்து உக்காருங்க. ஃப்ரம், டு, ஆஃப்டர், இஃப் எல்லாம் அவளே போட்டா, ரெண்டு எடம் தப்பு, பேசி முடிச்சதுக்கப்புறம் சொன்னேன், நடுவுல நிறுத்தல. நடுவுல நிறுத்திறாதீங்க, தயவு செஞ்சு. அங்கதான் பாதி புள்ளைங்க வாய மூடிக்குது.

அப்பறம் தெனம் ஒரு பக்கம், ஊட்ல நடக்கறத எழுது, மொபைல்ல போட்டோ எடுத்து அனுப்புன்னு சொல்லியிருந்தேன். மொத நாளு சந்தகை, நம்ம பக்கத்து இடியாப்பம் மாதிரி, அது செய்யறத எழுதுனா. என்ற அம்மா, அவளுக்கு அமுச்சி, அன்னிக்கு சந்தகை புழிஞ்சாங்க. "தி ரைஸ் இஸ் சோக்ட், இட் இஸ் கிரவுண்ட், இட் இஸ் ஸ்டீம்ட், இட் இஸ் பிரெஸ்ட் ஹாட்"னு, செய்முறைன்னா பேசிவ்லதான் எழுதோணும்னு யாரும் சொல்லாமயே அழகா வந்திருந்துச்சு. அம்மா என்னடா எழுதியிருக்கான்னு கேட்டாங்க, ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னேன். அரிசி ஊற வைக்கப்படுது, ஆட்டப்படுது, வேக வைக்கப்படுது, சூட்டோட புழியப்படுதுன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏஞ்சாமி, புழிஞ்சது யாருன்னு எழுதவே இல்லையா?"ன்னாங்க.

அவ ஒன்னும் பேசல, போனை வாங்கிட்டுப் போனா. கொஞ்ச நேரங்கழிச்சு திருப்பி வந்துச்சு, கடைசி வரி மட்டும் மாத்தியிருந்தா. "மை கிராண்ட்மதர் பிரெஸ்ஸஸ் இட்."