தொப்பையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

எங்கள் பக்கத்து மருத்துவ முகாமில் எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் பகிர்ந்தும் விட்டீர்கள். "நிவாரணம் தின்ற உடம்பு, வேலை இல்லை, வயிறு வைத்துவிட்டது" என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொல்ல, முன்வரிசை குலுங்கிச் சிரித்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

ஐயா, வாய்க்கு ருசியாகத் தின்று வருவதல்ல இது. மெட்டபொலிக் சின்ட்ரோம் என்று இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: தொப்பை, பிரசர், சீனி, கொழுப்புக் கோளாறுகள் ஒரே உடம்பில் சேர்ந்து வருவது. இடுப்புச் சுற்றளவு எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 அல்லது அதற்கு மேல். பிரசர் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 100 அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைட்டு என்ற இரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு குறைவு. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தால் போதும். ஐரோப்பிய ஆணுக்கு இடுப்பு எல்லை 94. எங்களுக்கு 90. ஏனென்றால் தெற்காசிய உடம்பு, கை கால் மெலிந்திருந்தாலும், கொழுப்பை வயிற்றுக்குள் சேர்த்து வைக்கிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது தெரியுமா? உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு. இலங்கையில் 2005–2006இல் எடுத்த பெரிய ஆய்வில் 24.3 சதவீதம், பெண்களில் 28.8, ஆண்களில் 18.4. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. அதாவது எங்கள் ஒரு தொப்பைகூடச் சேராமலேயே நாட்டில் நான்கில் ஒருவர். அவர்கள் எல்லோரும் யாருடைய நிவாரணத்தைத் தின்றார்கள்?

என் சின்னம்மா அன்று அங்கே இருந்தார். வெறும் வயிற்றோடு, இலக்கத் துண்டு எடுத்து, இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர். அந்தப் பேச்சு முடிந்ததும் துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டால் "தலையைச் சுற்றியது, தம்பி" என்கிறார். கை கால் குச்சி போல இருக்கும், வயிறு மட்டும் முன்னுக்கு. வேலை செய்யாத உடம்பாம்! யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் மரக்கறி மூட்டையைச் சைக்கிளில் கட்டி கிளிநொச்சிச் சந்தைக்கு மிதித்தவர். அருவி வெட்டுக்கு, அதுதான் நெல் அறுவடைக்கு, கூலிக்குப் போனவர். இப்போது இயந்திரம் வயலில் இறங்கி, வெட்டி, சூடடித்து, நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. குனிந்து வெட்டிய பெண்களுக்கு அந்த வேலை இல்லாமல் போனது. அது சோம்பலா? 2009இல் யுத்தம் முடிந்தபோது எங்களை அடைத்து வைத்த செட்டிகுளத்து அகதி முகாமில் நிவாரணமாகக் கொடுத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. முட்கம்பிக்குள் தோட்டம் செய்து கீரை பிடுங்கித் தின்றிருக்க வேண்டும் என்கிறீர்களா?

(சின்னம்மா தேநீருக்குச் சீனி கூடத்தான் போடுவார். அதை நான் சொல்வேன். வாங்கித் தின்றவர் என்று யாரும் சொல்லக்கூடாது.)

"உண்மையைச் சொன்னால் சுடுகிறதா?" என்று கேட்பவர்களுக்கு: உண்மையை அவர் சொல்லவே இல்லையே. இது வலி இல்லாமல் வளர்வது, மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குவது, சீனி வருத்தம் (நீரிழிவு) வரும் ஆபத்தை ஐந்து மடங்கு வரை கூட்டுவது, ஈரலில் கொழுப்பைப் படிய வைப்பது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில், சீனி வருத்தம் வரும் எல்லையில் நின்றவர்கள் உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கவும் வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் முயன்றபோது, சீனி வருத்தம் வருவது 58 சதவீதம் குறைந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லையில் நிற்கிறோம் என்று தெரிய முதலில் இரத்தம் கொடுக்க வேண்டும். அந்த வரிசையைத்தான் கலைத்துவிட்டார்.

"எல்லாவற்றுக்கும் யுத்தத்தையே சொல்லுங்கள்" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். சரி, பாணும் பணிஸும் சோடாவும், அடுத்த ஒழுங்கைக்கும் மோட்டார் சைக்கிளும் யுத்தம் கொண்டுவந்தவை அல்ல. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, அவர்களின் உடம்பு சீனியைக் கையாளத் திணறியது. வயிற்றுக்குள் பட்ட பசி அத்தனை வருடம் கழித்து வந்து நின்றது. முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கர்ப்பிணிகளின் பிள்ளைகள் இப்போது உயர்தரம் படிக்கும் வயதில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வயதில் தொப்பை வந்தால், அப்போதும் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடிப்பாரா?

வைத்தியர்களையும் தாதியரையும் நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் படும் பாடு தெரியும். ஒலிவாங்கியில் பேசியவர் வெளியூர் ஆள், விட்டுவிடலாம். முன்வரிசையில் சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர். அதே மாவைக் குழைத்துத் தின்றவர்கள், அதே தறப்பாளின் கீழ் படுத்தவர்கள். சின்னம்மாவை "அக்கா" என்று கூப்பிடுகிறவர்கள். உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வந்தது?

சின்னம்மாவை அடுத்த கிழமை நானே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகிறேன். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அங்கே இலவசமாகவே பார்க்கிறார்கள். இதற்குக் கீழே "பகிடிக்குத்தானே சொன்னார்" என்று எழுத வருகிறவர்கள், ஒரு நாடாவை எடுத்துத் தொப்புளுக்கு நேரே சுற்றி, உங்கள் இடுப்பு எத்தனை சென்ரிமீற்றர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.