தேயிலை விலை ஏறவில்லை, இறங்கியது

"பிரித்தானியா தேயிலை விலையை ஏற்றியதால் அமெரிக்கக் குடியேறிகள் கிளர்ந்தார்கள், எங்கள் பண்டாரவன்னியன் போல" என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. இரண்டும் சரியில்லை.

1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலை மலிந்தது. ஆனால் இறாத்தலுக்கு 3 பென்ஸ் வரி அப்படியே நின்றது. அதை விதித்த நாடாளுமன்றத்தில் குடியேறிகளுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லை. மலிவு என்று வாங்கினால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை தண்ணீருக்குள் போனது. அப்புறம் 1774இல் லண்டன் அந்தத் துறைமுகத்தையே மூடியது, மற்றக் குடியேற்றங்களும் கொதித்தன.

பிரித்தானியரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் குடியேறி அல்ல, சொந்த மண்ணில் நின்றவன். கற்சிலைமடுவில் நட்ட நினைவுக் கல்லில் அவன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டது மட்டும்தான் பொறித்திருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்ததையும் சேர்த்து எழுதுங்கள்.