ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நடந்ததை இங்குள்ள சபையார் பெரும்பாலும் அறிவீர்கள். அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியையும் பார்த்திருப்பீர்கள். "இனிமேல் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேதபாடம் கொடுக்கவும்" என்ற அந்த ஒரு வரியும், அதன் கீழே வரிசையாக வந்து விழுந்த கட்டைவிரல்களும் மூன்று இரவுகளாக என்னைத் தூங்கவிடவில்லை. அன்று வேதபாடம் வாசிக்க எழுந்து வந்தவர் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர். தடுமாறித் தடுமாறி அந்த அம்மா வாசித்து முடிக்க ஒன்பது நிமிடங்கள் ஆயின. நம்மால் பொறுக்க முடியாமல் போனது அந்த ஒன்பது நிமிடங்களைத்தான்.

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தியபடி அவர் வாசித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து கிள்ளிய விரல் அது. நகக்கண்ணிலும் தோலின் வெடிப்புகளிலும் ஏறிய தேயிலைக் கறை இனிப் போகாது. முதல் வரியிலிருந்த 'தெசலோனிக்கேயர்' என்ற சொல்லிலேயே தடுமாறினார். தெச, தெசலோ என்று மூன்று முறை திரும்பி வந்து நான்காவது முறை முழுவதுமாகச் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். பின்வரிசையிலிருந்து முதலில் ஒரு இருமல் எழுந்தது, அடுத்து ஒரு பெருமூச்சு, அதன்பின் ஒரு சிரிப்பு. அவர் வாசித்துக்கொண்டிருந்தது தெசலோனிக்கே நகரத்துச் சபைக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின், அதாவது கடிதத்தின், ஐந்தாம் அதிகாரம். பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள் என்று கி.பி. 50-51 வாக்கில் பவுல் அந்தச் சிறிய சபைக்கு எழுதிய பகுதி. அந்த வசனம் வாசிக்கப்பட்ட நேரத்தில்தான் நாம் இருமினோம்.

இதே சபையார் பொறுமையே இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மண்சரிந்து மலைப்பாதை மூடினால் மணிக்கணக்கில் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறோம். மின்சாரம் போனால் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்கிறோம். ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பொறுமைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கஷ்டத்தின் கீழ் நிலைத்து நிற்பது 'ஹுப்பொமொனே'. துன்பங்களைத் தாங்கி நின்ற யோபுவைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தில் சொல்வது அது. மனிதர்கள் மேல் கோபம் வரும்போது அதைத் தாமதப்படுத்துவது 'மக்ரோதுமியா'. அந்த அம்மா வாசித்த வசனத்தில் வருவது இரண்டாவது சொல்தான். நாம் மழையைப் பொறுத்துக்கொள்கிறோம், மண்சரிவைப் பொறுத்துக்கொள்கிறோம். மெதுவாகப் பேசும் ஒரு மனுஷியைப் பொறுத்துக்கொள்ள நமக்கு வரவில்லை.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா பக்கவாதம் வந்து பேச்சு குழறிய நிலையில் பதினான்கு மாதங்கள் எங்கள் வீட்டில் கிடந்தார். ஒரு நாள் காலை ஜன்னலைப் பார்த்து "கு... கு..." என்று தொடங்கினார். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நான், குளிராப்பா, குடிக்கத் தண்ணீரா, குல்லாவா என்று அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போன பிறகுதான் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்: ஒருவர் பேச்சில் தடுமாறினால், பரமண்டல ஜெபத்தை மனதுக்குள் முழுவதுமாகச் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. அரை நிமிடம்தான் ஆகும். பல நாட்களில் பாதி ஜெபத்திலேயே வாய் திறந்துவிடுகிறேன். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறேன். கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் பொறுமையைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே, தன்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டார். நோயாளிகள் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவதைப் போல என்றார். நானும் அந்த நோயாளிகளில் ஒருவன்தான். அதனால் என்னை வாயை மூடச் சொல்லாதீர்கள்.

ஆராதனையில் ஒழுங்கு வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டும். கிரமமாகச் செய்யுங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே பவுல்தான், அந்தச் சபை திருவிருந்துக்குக் கூடிவருகையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார். சர்க்கரை நோயாளிகளாலும் கைக்குழந்தைகளாலும் அதிக நேரம் உட்கார முடியாது என்று ஒரு சகோதரி எழுதியதில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவிப்புகளுக்கு இருபது நிமிடமும் பொன்னாடைக்குப் பத்து நிமிடமும் போனபோது இந்தக் கவலை ஏன் எழவில்லை என்பதை அவர் யோசிக்க வேண்டும்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை இன்று ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஜெப ஆலயத் தலைவன் யவீரு, சாகக் கிடக்கும் பன்னிரண்டு வயது மகளுக்காக இயேசுவை அழைத்துக்கொண்டு ஓடுகிறான். வழியில் பன்னிரண்டு வருஷமாக உதிரப் பெருக்கால் வருந்திய, பெயர்கூடச் சொல்லப்படாத ஒரு பெண்ணுக்காக இயேசு நின்றுவிடுகிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெரிய மனிதர் நிற்க வேண்டியிருந்தது. மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வருவதும் அந்த நேரத்தில்தான். அவ்வளவு அவசரம் யவீருவுக்கு இருந்தது. நமக்கு அன்று என்ன அவசரம்? மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதானே?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் வண்டி ஓட்டுகிற நம் எல்லோருக்கும் ஒரு விதி தெரியும். குறுகலான இடத்தில், இறங்குகிற வண்டிதான் நின்று ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் ஒரு முறை நிறுத்திவிட்டால் மறுபடி எடுப்பது கடினம். அந்த அம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். இலங்கைத் தோட்டங்களிலிருந்த இந்திய வம்சாவளியினரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, பதினேழு வயதில் அங்கிருந்து கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்து, பிறகு இந்த மலைக்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டிலேயே பிள்ளைகளை வளர்த்தவர். 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுத்தந்த அறிவொளி வகுப்பில், பகலெல்லாம் கொழுந்து கிள்ளிய கையால் பலப்பம் பிடித்து 'அ' எழுதியவர். பள்ளிக்கு அனுப்பப்பட்ட நாம் இறக்கத்தில் வந்தோம். ஒலிப்பானை அடித்தது நாம்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் வீட்டு மனைப் பட்டாவுக்கும் இத்தனை வருஷம் பொறுமையாயிரு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவரைப் போன்றவர்களுக்குப் புத்தி சொன்னது யார்? நாம்தான். அவர் பொறுத்த வருஷங்களுக்குக் கணக்கே இல்லை. அவருக்காக நாம் பொறுக்க வேண்டிய ஒன்பது நிமிடங்களுக்கு மட்டும் குழுவில் செய்தி போடுகிறோம். ஏழைகளுக்கு உபதேசிக்க மட்டும் பொறுமையை வைத்துக்கொண்டால் அது பரிசுத்த ஆவியின் கனி அல்ல, அநியாயம்.

சபைக் காரியத்தை முகநூலில் எழுதலாமா, இதுதான் உன் பொறுமையா என்றும் கேட்பீர்கள். மூன்று நாட்கள் பொறுத்தேன். குழுவில் நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்குக் கீழே காலை வணக்கப் படங்கள் வந்துகொண்டிருந்தன.

நேற்று மாலை லயனுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். யாரோ அந்தச் செய்தியை அவருக்கே படித்துக் காட்டியிருக்கிறார்கள். "எனக்கு இனிமே வேண்டாம் தம்பி, உங்களுக்கெல்லாம் நேரமாகுதுல்ல" என்றார். வேதாகமம் கட்டில்மேல் இருந்தது. அதே பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அட்டையை அடையாளமாக வைத்திருந்தார். வருகிற புதன்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம், நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.